ஹாமக் வாங்கும்போது முதலில் நாடாவைப் பாருங்கள்

குழந்தைக்குச் சேலையில் தூளி கட்டிப் பழகிய நமக்கு ஹாமக் புதுப்பொருளாகத் தோன்றாது. ஆனால் தூளி மேலிருந்து நேராகத் தொங்குகிறது. ஹாமக்கோ இரண்டு மரங்களுக்கு நடுவே பக்கவாட்டில் இழுத்துக் கட்டப்படுகிறது. அதனால் படுப்பவரின் எடையைப் போலவே கட்டும் கோணமும் இங்கே கணக்கில் வருகிறது.

கடையில் பெரும்பாலோர் துணியைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். துணியில் கவனிக்க வேண்டியது நீளம்: சுமார் 11 அடி நீளம் இருந்தால்தான் நடுக்கோட்டுக்குச் சற்றுக் குறுக்காகப் படுக்க முடியும், அப்படிப் படுத்தால்தான் முதுகு வில்லாக வளையாமல் ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கும். இருவர் படுக்கலாம் என்று சொல்லி விற்கும் அகலமான வகை, என் கணிப்பில், ஒருவர் தாராளமாகப் படுப்பதற்கே ஏற்றது.

மீதமுள்ள பணத்தை, மரத்தைச் சுற்றி ஹாமக்கைக் கட்டும் நாடாவுக்குச் செலவிடுங்கள். மெல்லிய கயிறு மரப்பட்டையை அறுத்துவிடும் என்பதால் ஓர் அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள பாலியஸ்டர் நாடா வேண்டும். நைலான் நாடா எடை ஏறும்போதும் நனையும்போதும் நீள்வதால், இரவில் சரியான உயரத்தில் கட்டிய படுக்கை விடியும்போது தரையைத் தொட்டிருக்கும். ஹாமக்கை நாடாவில் மாட்டச் சாவிக்கொத்துக் கொக்கியை நம்பாமல், தாங்கும் விசை பொறிக்கப்பட்ட மலையேற்றக் காரபைனரையே (திறந்து மூடும் உலோக வளையம்) வாங்குங்கள்.

கட்டும்போது இறுக்கினால்தான் பலம் என்று நினைப்பது தவறு. நாடா கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்திருந்தால், 80 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது ஒவ்வொரு நாடாவும் ஏறக்குறைய 80 கிலோ எடைக்குச் சமமான இழுப்பைத் தாங்குகிறது. அதையே 10 பாகைக்கு இறுக்கினால் இழுப்பு 230 கிலோவாகிவிடும். கோணமானி தேவையில்லை. ஆட்காட்டி விரலைக் கிடையாகவும் கட்டைவிரலை நிமிர்த்தியும் நீட்டிப் பிடித்தால், இரண்டின் நுனிகளையும் இணைக்கும் கோடு ஏறத்தாழ அந்த 30 பாகைச் சரிவைக் காட்டும். உட்கார்ந்த பிறகு படுக்கை நாற்காலி உயரத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டரில் இருக்கட்டும்.

மரம் உயிருள்ளதாகவும், இரு கைகளாலும் அசைத்தால் அசையாததாகவும் இருக்க வேண்டும். மாவும் புளியும் தாங்கும். முருங்கையில் கட்டாதீர்கள் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காய்த்த தென்னையின் அடியில் படுப்பதையும், பட்டுப்போன கிளை மேலே தொங்கும் இடத்தையும் தவிர்க்க வேண்டும். காப்புக்காடாக இருந்தால் வனத்துறையின் அனுமதியை முன்பே பெற்றுவிடுங்கள்.

கொடைக்கானல் போன்ற மலைகளில் குளிர் கீழிருந்துதான் ஏறும். உடல் எடை தூக்கப்பையின் (ஸ்லீப்பிங் பேக்) அடிப்பக்கத்தை நசுக்கி, அதிலுள்ள காற்றை வெளியேற்றிவிடுவதே காரணம். ஆகவே முதுகுக்கடியில் ஒரு ஃபோம் பாயை விரித்துக்கொள்ளுங்கள், அல்லது ஹாமக்கின் வெளிப்புறம் அடியில் தொங்கும் மெத்தையைக் கட்டுங்கள். மழைக்காலத்தில் தார்ப்பாயை ஹாமக்கைவிட நீளமாகத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு நாடாவிலும் தார்ப்பாயின் நிழலுக்குள் ஒரு சாண் நூலை முடிந்து தொங்கவிடுங்கள். மரத்திலிருந்து நாடா வழியே ஊர்ந்து வரும் தண்ணீர் அந்த நூலில் இறங்கிச் சொட்டிவிடும், படுக்கைக்கு வராது.