மாதவிடாய் நிற்கும் வயதில் மனச்சோர்வு: திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

சத்தாகச் சாப்பிடுங்கள், தினமும் நடங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை, அதை எல்லோரும் சொல்லியாயிற்று. கடலூரில் நர்ஸாக வேலை பார்க்கிறேன், இந்தக் கட்டத்தை நானும் மாத்திரை சாப்பிட்டுத்தான் தாண்டினேன். அன்றைக்கு எங்கள் வயதுக்காரிகள் செய்த அதே தவறுகளை இன்றைக்குப் புதிதாக வருகிறவர்களும் செய்வதைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை.

"இன்னும் நிக்கலையே" என்று இருந்துவிடுவது

தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மாதவிடாய் நின்றதாகக் கணக்கு. ஆனால் மனசு அதுவரை காத்திருக்காது. நாள் தள்ளித் தள்ளி வர ஆரம்பிக்கும்போதே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் தாறுமாறாக ஏறி இறங்கும், அழுகையும் எரிச்சலும் பல பேருக்கு அப்போதே தொடங்கிவிடும். பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்தவர்கள் இந்தச் சமயத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்களுக்கு இந்த மாற்றம் படிப்படியாக வராது, ஒரேயடியாக வரும்.

ரத்தம் பார்க்காமல் விடுவது

தைராய்டு, ஹீமோகுளோபின், பி12. முதலில் இவற்றைப் பாருங்கள்.

நல்லாயிடுச்சு என்று மாத்திரையை நிறுத்துவது

எத்தனை முறை சொன்னாலும் நடப்பது இதுதான், எனக்கு இன்னமும் கோபம் வருவதும் இதற்குத்தான்.

மீன் விற்கும் அக்கா ஒருவர். விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய் ஏலம் எடுத்து மஞ்சக்குப்பம் தெருக்களில் விற்றுவிட்டு வருகிறவர், ஒரு கட்டத்தில் எழுந்திருக்கவே முடியாமல் படுத்துவிட்டார். மீன் கூடை கவிழ்த்து வைத்தது வைத்தபடி கிடந்தது. மனநல மருத்துவர் எஸ்சிடாலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். முதல் வாரங்களில் குமட்டல்தான் மிச்சம், பலன் ஒன்றும் தெரியவில்லை. இந்த மாத்திரைகள் அப்படித்தான், வேலை செய்யத் தொடங்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், முழுசாகத் தெரிய இன்னும் நாள் பிடிக்கும். அவர் பொறுத்துக்கொண்டார், தேறினார், மறுபடி ஏலத்துக்குப் போனார்.

அப்புறம் சொந்தக்காரர் யாரோ, "இது பைத்தியத்துக்குத் தர்ற மாத்திரை, பழகிடும்" என்று சொல்ல, அன்றோடு நிறுத்திவிட்டார். நான்கைந்து நாளில் என்னிடம் வந்து, "சிஸ்டர், தலைக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கு, தூக்கமே இல்ல. அவங்க சொன்ன மாதிரியே அடிமையாயிட்டேன் போல" என்றார். அட்டையை வாங்கிப் பார்த்தேன், பாதி மாத்திரை அப்படியே இருந்தது.

அது அடிமைத்தனம் இல்லை. அந்த மாத்திரைக்காக மனசு ஏங்குவதில்லை, போகப் போக அதிகமாகக் கேட்பதும் இல்லை. பல வாரமாக ஒரு அளவுக்குப் பழகிய மூளையிடமிருந்து திடீரென்று அதைப் பிடுங்கினால் தலைசுற்றல், எரிச்சல், இந்தக் கரண்ட் அடிப்பது எல்லாம் சில நாள்களுக்குள்ளேயே வரும். நோய் திரும்பி வருவது வேறு, அது வாரக்கணக்கில் மெதுவாக வரும். இவருக்கு அதுவும் வந்தது. மறுபடி முதல் மாத்திரை, மறுபடி குமட்டல், மறுபடி அந்தக் காத்திருப்பு. அதற்குள் வாடிக்கை வீடுகள் வேறு ஆளிடம் மீன் வாங்கப் பழகிவிட்டார்கள்.

முழுசாகத் தேறின பிறகும் குறைந்தது 6 மாதம் சாப்பிட வேண்டும். முன்னாலேயே மனச்சோர்வு வந்திருந்தால் அதற்கும் மேல், அது மருத்துவர் முடிவு. நிறுத்தும்போது அவர் சொல்கிறபடி அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். கல்யாணம், காது குத்து என்று ஊருக்குக் கிளம்பினால் அட்டையைப் பையில் முதலில் வையுங்கள். மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனையிலும் புதுச்சேரி கோரிமேடு ஜிப்மரிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நிறுத்தணும் என்று தோன்றினால் அங்கே போய், "நிறுத்தலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்தவரின் தூக்க மாத்திரையில் பாதி வாங்கிப் போடுவது

உண்மையிலேயே பழக்கமாகிவிடக்கூடியது இதுதான். அல்பிராசோலம் போன்ற மாத்திரைகளை நாள்கணக்கில் போட்டால் அப்புறம் அது இல்லாமல் தூக்கம் வராது. மனச்சோர்வு மாத்திரையைப் பயந்து தூக்கிப் போடுகிறவர்களே இதைப் பயமில்லாமல் கைமாற்றிக்கொள்வதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

ஹார்மோன் மாத்திரை மட்டும் போதும் என்று நினைப்பது

திடீரென்று உடம்பு கொதிப்பதற்கும் ராத்திரி வியர்வைக்கும் அது நல்ல மருந்து, தூக்கம் கிடைத்தால் மனசும் கொஞ்சம் தெளியும். கடுமையான மனச்சோர்வுக்கு அது மட்டும் போதாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களும் ரத்தக்கட்டி வந்தவர்களும் அதைத் தாங்களாகத் தொடவே கூடாது.

மற்ற மருந்துகளைச் சொல்லாமல் மறைப்பது

மார்பகப் புற்றுநோய்க்குத் தமோக்சிஃபென் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பராக்ஸிடின் என்ற மனச்சோர்வு மாத்திரை அதன் வேலையைக் கெடுக்கும்.

"செத்துட்டா தேவல" என்பதைப் புலம்பலாக எடுத்துக்கொள்வது

இது வீட்டு ஆட்களுக்கு. அம்மா எப்பவும் இப்படித்தான் என்று விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், நேரம் பார்க்க வேண்டாம், அவசரப் பிரிவு ராத்திரியிலும் திறந்திருக்கும். என்ன செய்வதென்று புரியவில்லையா, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.