சமவெளி நிலவரைபடத்தில் சரிவைக் கண்டறிய கண்மாய்க் கரையைப் பாருங்கள்

இராமநாதபுரம், சிவகங்கை போன்ற வறண்ட சமவெளிப் பகுதிகளின் 1:50,000 அளவுள்ள இந்திய நில அளவைத் துறை வரைபடத்தைப் பிரித்துப் பார்ப்பவர்கள், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் அரிதாகவே இருப்பதைக் கண்டு, நிலம் முற்றிலும் மட்டமானது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தக் கோடுகள் வழக்கமாக 20 மீட்டர் இடைவெளியில் வரையப்படுவதால், அதற்கும் குறைவான ஏற்ற இறக்கம் அவற்றில் தெரியாது. ஆனால் மழைநீர் எங்கே ஓடும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தச் சிறு வேறுபாடுதான்.

எனவே முதலில் கண்மாய்களின் (பாசன ஏரிகளின்) கரைகளைத் தேடுங்கள். பிறை போல வளைந்த கரையின் திறந்த பக்கம் நீர் வரும் மேட்டையும், புடைத்த பக்கம் ஆயக்கட்டு (கண்மாய் நீரால் பாசனம் பெறும் நிலம்) உள்ள பள்ளத்தையும் காட்டும். ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த நான்கைந்து கண்மாய்களை இணைத்துப் பார்த்தால், எந்தச் சமஉயரக் கோடும் சொல்லாத சரிவின் திசை தெளிவாகிவிடும். கரையருகே ‘r’ என்ற எழுத்துடன் அச்சிடப்பட்ட எண், தரையிலிருந்து கரையின் உயரமே தவிர, கடல் மட்டத்திலிருந்து அல்ல.

சரிவின் அளவுக்கு, அடுத்தடுத்த இரு சமஉயரக் கோடுகளின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். அது 16 செ.மீ. என்றால் தரையில் 8 கி.மீ.; அந்தத் தொலைவில் நிலம் 20 மீட்டர் இறங்குகிறது, அதாவது 400 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம்.

செயற்கைக்கோள் உயரத் தரவை மட்டும் நம்பி வரத்துக்கால் (கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்) வெட்டத் தொடங்காதீர்கள். சில மீட்டர் பிழை அதில் இயல்பானது. சீமைக்கருவேலம் அடர்ந்த இடங்களில் மரத்தின் உயரமும் தரையோடு சேர்ந்துவிடக்கூடும். மடை (பாசனத்துக்கு நீர் திறந்துவிடும் வழி), கலுங்கு (மிகைநீர் வெளியேறும் வழி) ஆகியவற்றின் மட்டத்தை லெவல் கருவியால் நேரில் எடுப்பதே பாதுகாப்பானது.