வைஃபை கனெக்ட் ஆகிறது, ஆனால் நெட் வரவில்லையா? ஃபார்மேட் செய்யும் முன் இதைப் பாருங்கள்

லேப்டாப்பில் நெட் வரவில்லை என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது 'ஃபார்மேட் பண்ணிடலாமா' என்பதுதான். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பல நேரம் ஒரே ஒரு செட்டிங்தான் மாறியிருக்கும். கோளாறு எங்கே என்று தெரிந்த பிறகு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்றே தெரியாமல் போய்விடும். இங்கே சொல்வது விண்டோஸ் 11-க்கு. 10-இல் பெயர்கள் கொஞ்சம் மாறும்.

படி 1: கோளாறு லேப்டாப்பிலா, ரவுட்டரிலா?

போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அதே வைஃபையில் இணைத்துப் பாருங்கள். அதிலும் வரவில்லையா? அப்படியானால் லேப்டாப்பைத் தொடவே வேண்டாம். ரவுட்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள்.

படி 2: வைஃபை பெயரே தெரியவில்லை என்றால்

ஏரோப்ளேன் மோடு ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், கீபோர்டில் கை தவறிப் பட்டாலே சில லேப்டாப்களில் அது ஆன் ஆகிவிடும். சில பழைய லேப்டாப்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும்தான் பிடிக்கும். ரவுட்டர் 5-இல் மட்டும் இயங்கினால், போனில் தெரிகிற பெயர் லேப்டாப்பில் தெரியாது. இரண்டும் இல்லை என்றால், ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியில் வைஃபை என்றோ வயர்லெஸ் என்றோ இருப்பதை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். டிரைவரையும் (அந்தப் பாகத்தை இயக்கும் மென்பொருள்) நீக்கவா என்று கேட்கும் கட்டத்தில் மட்டும் டிக் போடாதீர்கள். ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸே அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளும்.

படி 3: கனெக்டட் என்கிறது, பக்கம் திறக்கவில்லை

செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் வைஃபை ப்ராப்பர்டீஸில் ஐபிவி4 முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் உங்கள் லேப்டாப்புக்கான எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் விண்டோஸ் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த இணைப்பை ஃபர்கெட் கொடுத்து, பாஸ்வேர்டு போட்டு மறுபடி இணையுங்கள்.

முகவரி சரியாக இருக்கிறது, ஆனாலும் பிரவுசர் மட்டும் அடம்பிடிக்கிறதா? முதலில் தேதியும் நேரமும் சரிதானா என்று பாருங்கள், தவறாக இருந்தால் பாதுகாப்பான தளங்கள் திறக்காது. அப்புறம் செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதற்குள் ப்ராக்ஸி, அதாவது உங்கள் இணையப் போக்குவரத்து இடையில் கடந்து போகும் சர்வர். நீங்களோ உங்கள் அலுவலகமோ வைக்காத ஒரு மேனுவல் ப்ராக்ஸி அங்கே ஆன் ஆகி இருந்தால், வேண்டாத மென்பொருள் ஏதோ உள்ளே புகுந்து உங்கள் இணையப் போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்பியிருக்கலாம். பலர் இதைப் பார்ப்பதே இல்லை, வைஃபையைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அதை ஆஃப் செய்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 4: வேண்டாததை வெளியேற்றுவது

இலவச மென்பொருள் ஒன்றை நிறுவும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போனால் கூடவே இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நிறுவும்போது கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் அவற்றுக்கான டிக்குகளே கண்ணில் படும். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலை நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளையொட்டி வந்தவை மேலேயே நிற்கும். பெயர் புரியாவிட்டால் தேடிப் பார்த்துவிட்டு நீக்குங்கள், டிரைவர்களை நீக்கிவிடக் கூடாது.

பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த குட்டி மென்பொருள்களான எக்ஸ்டென்ஷன்களையும் ஒருமுறை பாருங்கள். திரையின் ஓரத்தில் 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று அடிக்கடி எட்டிப் பார்க்கிறதே, அது பெரும்பாலும் ஏதோ ஒரு தளத்துக்கு நீங்கள் அலவ் கொடுத்ததால் வரும் நோட்டிஃபிகேஷன்தான். பிரவுசர் செட்டிங்ஸில் அந்தத் தளத்தின் அனுமதியை எடுத்துவிட்டால் நின்றுவிடும். அதில் வரும் எண்ணுக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் போன் செய்யாதீர்கள்.

ரீஸ்டார்ட் செய்து ப்ராக்ஸியை மறுபடி பாருங்கள். தானாகவே ஆன் ஆகியிருந்தால் இன்னும் ஏதோ உள்ளே இருக்கிறது. திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட விடுங்கள். விண்டோஸ் முழுதாகத் தொடங்கும் முன்பே தேடுவதால், ஒளிந்திருப்பதும் சிக்க வாய்ப்பு அதிகம். சுமார் 15 நிமிடம் ஆகும்.