ப்ளக் ஒன்று சொன்னது, சென்சார் வேறு சொன்னது

எங்கள் பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டரை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் மாட்டினோம். தர்மபுரி டவுனுக்குள் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் நின்றாலே கரும்புகை. தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் இழுவையே இல்லை. ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருந்தது.

பெட்ரோல் பிரஷர் சரியாக 3 பார். கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரை மாற்றினோம், இன்ஜெக்டரைக் கழுவினோம். நாட்கள்தான் வீணாயின.

லேப்டாப்பை மாட்டிப் பார்த்தபோதுதான் பிடி கிடைத்தது. ப்ளக்கில் உள்ள கரி, பெட்ரோல் அதிகம் என்கிறது. புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரோ 0.1 வோல்ட்டிலேயே நின்று, போதவில்லை என்கிறது. அப்படியானால் சென்சாருக்கு முன்னால் எங்கோ வெளிக்காற்று நுழைகிறது. இன்ஜின் புகையைச் சேர்த்து வெளியே விடும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் புகை பைப்பும் சேரும் இடத்தில் டார்ச் அடித்தால், இடையில் அடைப்பாக இருக்கும் கேஸ்கெட்டின் ஓரத்தில் பென்சில் கோடு போல மெல்லிய கரித்தடம். அந்த இடுக்கு புகையை வெளியே விடுவதோடு நிற்காது. ஐடிலில் ஒவ்வொரு புகைத் துடிப்புக்கும் இடையில் காற்றை உள்ளேயும் இழுக்கும். கார்புரேட்டர் காலத்தில் இது வெறும் சத்தம். இப்போது அந்தக் காற்றைப் பார்த்து சென்சார் பெட்ரோல் குறைவு என்று சொல்ல, ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டுகிறது.

ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டுச் சேர்க்கும் விளிம்பு) முகத்தை மட்டமாகத் தேய்த்து, புது கேஸ்கெட் வைத்து, போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். இன்ஜின் சூடானதும் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஆட ஆரம்பித்தது, புகை நின்றது. அப்புறம் கரி பிடித்த ப்ளக்குகளையும் மாற்றிவிட்டோம்.