பாவித்த சுழல் சூளை வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் அரிசி ஆலைகளைச் சுற்றிக் குவியும் உமியிலிருந்து சிலிக்கா நிறைந்த சாம்பலையோ, சிரட்டைக் கரியிலிருந்து கிளர்வூட்டிய கரியையோ தயாரிக்க எண்ணுகின்ற தொழில் முயற்சியாளர்கள், புதிய இயந்திரத்தின் விலையைக் கேட்டதும், வெளிநாட்டில் பாவித்துக் கழித்த சுழல் சூளைகளைத் தேடத் தொடங்குவது இயல்பே. இவற்றுள் மறைமுகமாகச் சூடேற்றும் வகையில், நெருப்பு பொருளைத் தொடுவதில்லை. சுழலும் உலோக உருளைக்குள் பொருள் நகர, உருளையைச் சூழ்ந்த உலையே வெளியிலிருந்து வெப்பமூட்டுகிறது. வெப்பம் முழுவதும் உருளையின் சுவர் வழியாகத்தான் உள்ளே செல்ல வேண்டும். ஆகவே, வாங்குபவர் பணம் கொடுப்பது பெரும்பாலும் அந்தச் சுவருக்கே. புதிதாகப் பூசிய பெயின்ரையும் ஓடுகின்ற மோட்டரையும் பார்த்து விலை பேசுவதே நான் காணும் முதல் தவறு. மற்றத் தவறுகள் பலவும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

செந்தணல் நிறத்தில் ஆண்டுக்கணக்காகச் சுழன்ற உருளை தன் எடையாலேயே மெல்ல மெல்லத் தொய்யும். வெளிப்புறம் ஒட்சியேறிச் செதிலாக உதிர்வதால் சுவர் மெலியும். இவை புகைப்படத்தில் தெரியா. உலையின் மூடியைத் திறந்து, வெப்பப் பகுதியின் நெடுகிலும் ஒவ்வோர் அரை மீற்றருக்கும் சுற்றளவில் நான்கு இடங்களிலாவது மீயொலிக் கருவியால் தடிப்பை அளந்து, முதல் வரைபடத்திலுள்ள தடிப்போடு ஒப்பிட வேண்டும். பின்னர் சிறு அசைவையும் முள்ளால் காட்டும் சுட்டுமானியை உருளையின் நடுவில் நிறுத்தி, உருளையை மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றச் செய்தால், முள் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது வளைவைக் காட்டிக் கொடுக்கும். உள்ளே விளக்கைச் செலுத்திப் பார்க்கும்போது, வெல்டிங் செய்து ஒட்டிய தகடு ஏதும் தென்பட்டால், அது ஏன் ஒட்டப்பட்டது என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

உலோகக் கலவையின் பெயரை வாய்ச்சொல்லாக ஏற்பது அடுத்த தவறு. ஏறத்தாழ 25 சதவீதக் குரோமியமும் 20 சதவீத நிக்கலும் கொண்ட 310 வகை உருக்கு வேறு, சாதாரண 304 வகை வேறு, நிக்கல் மிகுந்த இன்கொனெல் வேறு. கையில் பிடிக்கும் எக்ஸ் கதிர்க் கருவி சில நிமிடங்களில் கலவையைச் சொல்லிவிடும். 310 வகை, 600 முதல் 900 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் நெடுங்காலம் இருந்தால், சூட்டில் தாங்கினாலும் குளிர்ந்தபின் நொறுங்கும் தன்மை அடைகிறது. கழற்றி ஏற்றும்போது ஓர் அடி பட்டாலே அத்தகைய உருளையில் விரிசல் விழக்கூடும். அதைப் பின்பு வெல்டிங்கால் சீர்செய்வதும் எளிதன்று.

“ஆயிரம் பாகை வரை போகும்” என்று விற்பனையாளர் கூறினால், எதன் ஆயிரம் என்று கேளுங்கள். உலைக்குள் இருக்கும் வெப்பம், உருளைச் சுவரின் வெப்பம், பொருள் அடையும் வெப்பம் ஆகிய மூன்றும் ஒன்றல்ல. பொருளுடையதே மூன்றிலும் குறைந்தது. உமியைப் பொறுத்தவரை மிகை வெப்பமும் தீங்கே. ஏறத்தாழ 700 பாகைக்கு மேல் சென்றால் சாம்பலிலுள்ள சிலிக்கா பளிங்குருவாக மாறத் தொடங்குகிறது. அதன் வினைத்திறனும் சந்தைப் பயனும் குறைவதோடு, அத்தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளரின் நுரையீரலும் பாதிப்புறும். உமியிலுள்ள பொட்டாசியமும் குளோரைட்டும் சூடான உலோகத்தை அரிப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதேபோல, பெயர்ப்பலகையில் உள்ள மணிக்கு இத்தனை கிலோ என்ற அளவு முந்திய உரிமையாளரின் பொருளுக்கு உரியது. உங்கள் பொருளைக் கொண்டு சிறு சோதனை நடத்தாமல் அந்த எண்ணை வியாபாரத் திட்டத்தில் எழுதக் கூடாது.

முன்பு உள்ளே என்ன ஓடியது என்பதைக் கேளாமல் விடுவதை நான் பொறுப்பின்மை என்றே சொல்வேன். ஈயமோ நிக்கல் சேர்ந்த வினையூக்கியோ கையாண்ட உருளையின் மிச்சங்கள் உங்கள் பொருளில் கலக்கும். பழைய உலையின் காப்பு நார்களில் கல்நாரும் (அஸ்பெஸ்டஸ்) இருக்கலாம். துப்புரவாக்கியதற்கான எழுத்துச் சான்றும் ஆய்வுகூட அறிக்கையும் இல்லாமல் கொள்கலனில் ஏற்ற அனுமதிக்காதீர்கள்.

உருளையின் முனைகளில் வெளிக்காற்றைத் தடுக்கும் அடைப்புகளைப் பலர் சிறு உதிரிப்பாகமாகவே எண்ணுகின்றனர். 6 மீற்றர் நீளமான வெப்பப் பகுதி 900 பாகைக்கு ஏறும்போது ஏறக்குறைய 9 சென்ரிமீற்றர் நீளும். அந்த நகர்வை அடைப்பு தாங்காவிட்டால் வெளிக்காற்று உள்ளே புகும்; கரி எரிந்துவிடும். குளிர்நிலையில் சுற்றிக் காட்டினால் இக்குறை வெளிப்படாது.

மின்சாரம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. அமெரிக்காவில் 60 ஹேர்ட்ஸில் இயங்கிய மோட்டர் நமது 50 ஹேர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும். பொருள் உள்ளே தங்கும் நேரமும் அதற்கேற்ப மாறும். அதைவிட முக்கியமானது மின்தடை. சூடான உருளை அசையாமல் நின்றால் வளையும். எனவே, மின்சாரம் நின்ற மறுகணமே உருளையைத் தொடர்ந்து சுற்றவைக்கும் டீசல் துணை இயக்கி விலைக்குள் அடங்குகிறதா என்பதைப் பேரம் பேசும் வேளையிலேயே உறுதிசெய்ய வேண்டும். மழைக்காலத்தில் வாகரையிலிருந்து பொத்துவில் வரை மின்தடையை எதிர்பார்த்தே தொழில் நடத்த வேண்டியிருக்கிறது.

ஒலுவில் துறைமுகம் மணலடைந்து கிடப்பதால் பாரிய சரக்கு கொழும்பிலோ திருகோணமலையிலோ இறங்கித் தரைவழியாகத்தான் வரும். நீளம், அகலம், எடை ஆகியவற்றைப் போக்குவரத்துக்காரரிடம் கொடுத்துப் பாதையை முன்பே பார்க்கச் சொல்லுங்கள். பாரந்தூக்கிச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்துக்கு என்னென்ன தேவைப்படும், குறிப்பாகப் புகை, தூசி தொடர்பாக, என்பதை முற்பணம் செலுத்துமுன் விசாரிப்பது நல்லது.

இயந்திரம் வந்தபின் கடலோரக் காணியில் தார்ப்பாயின் கீழ் வாடைக்காற்றுக் காலத்தைக் கழிக்க விடாதீர்கள். உப்புக்காற்று கறையில் உருக்கையும் குழிக்குழியாக அரிக்கும். உலையின் தீக்களிப் பூச்சு ஈரத்தை உறிஞ்சும். ஈரமான உலையை ஒரேயடியாகச் சூடாக்கினால், உள்ளிருக்கும் நீர் நீராவியாகிப் பூச்சைப் பிளந்து எறிந்துவிடும். ஆதலால் முதல் சூடேற்றத்தை உற்பத்தியாளரின் அட்டவணைப்படி, நாட்கணக்கில் படிப்படியாகச் செய்ய வேண்டும். அந்த அட்டவணைப் பிரதியை இயந்திரத்தோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.