லண்டன்ல புது ஃப்ளாட் பில்டிங்குக்கு சைக்கிள் ஸ்டோர் போடுறது எப்படி: கணக்குல இருந்து கதவு வரைக்கும்

போன வருஷம் கிழக்கு லண்டன்ல 24 ஃப்ளாட் உள்ள ஒரு புது பில்டிங்குக்கு சைக்கிள் ஸ்டோர் ட்ராயிங் போடுற வேலை என்கிட்ட வந்துச்சு. கவுன்சில்ல இருந்து ரெண்டு தடவை திரும்பி வந்து மூணாவது தடவைதான் ஓகே ஆச்சு. முதல் தடவை எண்ணிக்கையே தப்பு, ரெண்டாவது தடவை எண்ணிக்கை சரி, ஆனா சைக்கிளை உள்ள வச்சு எடுக்க இடம் பத்தல. இந்த வேலைக்கு புதுசா வந்தவங்க அதே இடத்துல மாட்டிக்கக் கூடாதுன்னுதான் வரிசையா எழுதுறேன். பிளானிங் அப்ளிகேஷன் போடுறது, ட்ராயிங் ஸ்கேல் இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்னு வச்சுக்குறேன்.

ஸ்டெப் 1: டேபிளை பாருங்க

2021 மார்ச்ல வந்த லண்டன் பிளான், அதாவது லண்டன் முழுக்கப் பொருந்துற பிளானிங் விதிகள், அதுல பாலிசி T5, அதுல டேபிள் 10.2. ஸ்டுடியோவுக்கும் ஒரு ஆள் தங்குற 1 பெட்ரூம் வீட்டுக்கும் 1 இடம், ரெண்டு ஆள் தங்குற 1 பெட்ரூமுக்கு 1.5, மத்த எல்லா வீட்டுக்கும் 2. இது குடியிருக்கிறவங்களுக்கான லாங் ஸ்டே. வந்து போறவங்களுக்கு ஷார்ட் ஸ்டே தனி, 5ல இருந்து 40 வீடு வரைக்கும் 2, அதுக்கு மேல 40 வீட்டுக்கு 1ன்னு கூடிக்கிட்டே போகும். இது எல்லாம் குறைஞ்சபட்சம்தான், உங்க கவுன்சிலோட லோக்கல் பிளான் இன்னும் அதிகமா கேக்கலாம், அதையும் ஒரு தடவை பாத்துடுங்க.

ஸ்டெப் 2: எண்ணுங்க, ஆனா "1 பெட்"னு இருக்கிறதை அப்படியே நம்பாதீங்க

எனக்கு முதல் தடவை அடி விழுந்தது இங்கதான். கிளையன்ட் குடுத்த லிஸ்ட்ல வெறும் "1 பெட்"னு இருந்துச்சு, நானும் வீட்டுக்கு ஒண்ணுன்னு போட்டு அனுப்பிட்டேன். ஆனா அது ஒரு ஆள் வீடா ரெண்டு ஆள் வீடான்னு முடிவு பண்றது படுக்கையறை அளவு. தேசிய இட அளவு விதிப்படி டபுள் பெட்ரூம்னா குறைஞ்சது 11.5 சதுர மீட்டர், ரெண்டு பேர் தங்குற 1 பெட்ரூம் வீடு மொத்தமா 50 சதுர மீட்டர். எங்க பில்டிங்ல "1 பெட்"னு இருந்த 8 வீடும் 50க்கு மேல, அதனால ஒவ்வொண்ணுக்கும் 1.5 வந்துடுச்சு.

சரியான கணக்கு இப்படி: ஸ்டுடியோ 4, அதுக்கு 4 இடம். ரெண்டு ஆள் 1 பெட்ரூம் 8, அதுக்கு 12. மீதி 12 வீடும் ரெண்டு மூணு பெட்ரூம், அதுக்கு 24. மொத்தம் 40 லாங் ஸ்டே, 2 ஷார்ட் ஸ்டே. இதுக்கு தனி சாஃப்ட்வேர் எதுவும் வேணாம், எக்ஸெல்ல ஒரு வீட்டுக்கு ஒரு வரின்னு போட்டு பக்கத்துலயே பெட்ரூம் அளவையும் எழுதிடுங்க, ஆஃபீசர் கேட்டா அதையே அனுப்பிடலாம்.

ஸ்டெப் 3: ரோட்டுல இருந்து ஸ்டோர் வரைக்கும் கோடு போடுங்க

எல்லாரும் ரூமுக்குள்ள ரேக்கை அடுக்கிட்டு அப்புறம்தான் கதவை யோசிக்கிறாங்க, நான் அதை தலைகீழா பண்ணச் சொல்றேன். போக்குவரத்துத் துறையான டிஎஃப்எல் வெளியிட்ட லண்டன் சைக்கிளிங் டிசைன் ஸ்டாண்டர்ட்ஸ்ல எட்டாவது அத்தியாயம் முழுக்க பார்க்கிங்தான், அதை பிரிண்ட் எடுத்து மேசைல வச்சுக்கோங்க. 1.2 மீட்டருக்கு குறைவான கதவு, படிக்கட்டு, அடுத்தடுத்து நிறைய கதவு, குறுகலான திருப்பம், இது எதுவும் வேணாம்னு அதுல இருக்கு. பேஸ்மென்ட்ல வச்சு லிஃப்ட்ல கொண்டு போறதா இருந்தா லிஃப்ட் உள்ள 1.2க்கு 2.3 மீட்டர், கதவு 1 மீட்டர் வேணும். சாதாரண லிஃப்ட்ல முன் சக்கரத்தை தூக்கி நிறுத்தி கொண்டு போயிக்கலாம்னு ஒரு பில்டர் என்கிட்ட சொன்னாரு, தினமும் ரெண்டு வேளை யாரு அப்படி தூக்குவாங்க?

நான் ஒரு நாள் சாயங்காலம், ஏற்கனவே ஆள் குடி வந்துட்ட ஒரு பில்டிங்கோட ஸ்டோர் வாசல்ல டேப்போட நின்னேன். பின்னாடி குழந்தை சீட் மாட்டின சைக்கிளோட ஒரு அம்மா வந்தாங்க, இடுப்பால கதவைத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கையில ஹேண்டில்பார், இன்னொரு கையில குழந்தை. கதவு தானா மூடுற ஸ்ப்ரிங் வச்சது, பின் சக்கரம் நுழையறதுக்குள்ள வந்து இடிச்சுது. அந்தக் கதவோட விளிம்பு முழுக்க பெடல் உரசின கோடு. அன்னைல இருந்து பட்டன் அழுத்தினா திறக்கிற கதவை என் ட்ராயிங்ல போடாம விடவே மாட்டேன், செலவுன்னு யார் சொன்னாலும் சரி.

ஸ்டெப் 4: ரேக்

என் சாய்ஸ் ஷெஃபீல்ட் ஸ்டாண்ட்தான், தலைகீழ் 'ப' மாதிரி வளைச்ச குழாய், பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு சைக்கிள், ஃப்ரேமையும் சக்கரத்தையும் சேத்துப் பூட்டலாம். ஸ்டாண்டுக்கு ஸ்டாண்ட் குறைஞ்சது 1 மீட்டர், முடிஞ்சா 1.2 விடுங்க. ஆனா 40ஐயும் இப்படி வைக்க எந்த கிளையன்டும் இடம் தர மாட்டாங்க, அதனால ரெண்டடுக்கு ரேக் வந்தே தீரும். சுவத்துல செங்குத்தா மாட்டுற கொக்கி மட்டும் வேணாம், வயசானவங்களால தூக்கவே முடியாது. 5 சதவீதம் பெரிய சைக்கிளுக்கு, அதாவது கார்கோ பைக், மூணு சக்கர வண்டி, மாற்றுத்திறனாளிகள் ஓட்டுற சைக்கிள். எங்க 40ல அது 2. அதுக்கு 2.8 மீட்டர் நீளம், 1.2 அகலம்னு ஒரு பெட்டி வரைஞ்சு கதவுல இருந்து இடம் வரைக்கும் நகத்திப் பாருங்க, திரும்பலன்னா அது இடமே இல்ல. கடைசில எங்களுக்கு வந்தது பெரிய சைக்கிளுக்கு 2, ஷெஃபீல்ட்ல 8, ரெண்டடுக்குல 30.

ஸ்டெப் 5: ரெண்டடுக்கு ரேக்குக்கு முன்னாடி இருக்கிற இடம்

இதை மெதுவா படிங்க, ரெண்டாவது தடவை திரும்பி வந்ததுக்கு இதுதான் காரணம். முன்னாடி 2.5 மீட்டர் வேணும்னு தெரியும், நான் அதை ரேக்கோட முன் விளிம்புல இருந்து அளந்துட்டேன். தப்பு. மேல் அடுக்குல கைப்பிடியைப் பிடிச்சு இழுத்தா அந்த தட்டு வெளிய நீண்டு வந்து சாஞ்சு கீழ இறங்கும், அப்படி இறங்கி நிக்கிற தட்டோட நுனில இருந்துதான் 2.5 மீட்டர். எவ்வளவு நீளும்னு கம்பெனிக்கு கம்பெனி மாறும், அதனால கேட்டலாக்ல மூடின ரேக் படத்தைப் பாக்காதீங்க, தட்டு இறங்கின நிலையில பக்கவாட்டு ட்ராயிங் அனுப்புங்கன்னு கேட்டு வாங்குங்க. ஆட்டோகேட்ல அந்த இறங்கின தட்டை புள்ளிக்கோடா வரைஞ்சு அதுல இருந்து அளவு போடுங்க, ஆஃபீசர் முதல்ல தேடுறதே அதைத்தான்.

உயரம் 2.6 மீட்டர். அது ஸ்லாப் வரைக்கும் இல்ல, ஸ்லாப்புக்குக் கீழ போற குழாய், டக்ட், லைட் இதோட அடி வரைக்கும். சர்வீசஸ் இன்ஜினியர்கிட்ட இது சைக்கிள் ரூம்னு முதல் மீட்டிங்லயே சொல்லிடுங்க, இல்லன்னா சாக்கடைக் குழாயை நேரா மேல் அடுக்கு மேலயே கொண்டு வந்துடுவாங்க. மேல் அடுக்குக்கு தூக்க உதவுற ஸ்ப்ரிங் அல்லது கேஸ் ஸ்ட்ரட் (வாயு அழுத்தத்துல தள்ளுற குழாய்) வச்ச மாடலா பாத்து வாங்குங்க.

அப்டேட்: கமெண்ட்ல ஒருத்தர் பால்கனில ஒரு சைக்கிள், ஹால்ல ஒண்ணுன்னு கணக்குக் காட்டலாமான்னு கேட்டாரு. நான் வேலை பாத்த ரெண்டு கவுன்சிலும் ஒத்துக்கல, பால்கனின்றது உக்காரத்தான்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

இன்னொரு அப்டேட்: மூணு பேர் இ-பைக் சார்ஜிங் பத்தி கேட்டிருக்கீங்க. லித்தியம் பேட்டரி தீப்பிடிச்சா ரொம்ப வேகமா பரவும், தப்பிச்சுப் போற வழில வச்சு சார்ஜ் பண்ணவோ நிறுத்தவோ வேணாம்னு லண்டன் ஃபயர் பிரிகேட் திரும்பத் திரும்ப சொல்லுது. ஸ்டோர் கதவு நேரா மாடிப்படி லாபியில திறக்குதுன்னா சார்ஜிங் பாயின்ட் போடுறதுக்கு முன்னாடி ஃபயர் இன்ஜினியரை கூப்பிட்டு பேசுங்க. எங்க பில்டிங்ல இதுக்காகவே கதவை லாபில இருந்து எடுத்து வெளிப்பக்கம், முற்றத்துப் பக்கமா மாத்தினோம், ஒரு கதவும் குறைஞ்சுது.