ஃபார்மட் போடுவதற்கு முன்னால்: மாமா வீட்டுக் கணினியிலிருந்து கோப்புகளை எடுத்த கதை

கும்பகோணத்தில் என் மாமா வீட்டு டெஸ்க்டாப் போன ஐப்பசி மழையில் படுத்துவிட்டது. ஒரே நாளில் நாலைந்து தடவை கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. யூபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. மறுநாள் ஆன் செய்தால் விண்டோஸ் சின்னம் வரும், கீழே 'ப்ரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று வரும், திரை கறுக்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கடையில் காட்டிவிட்டு எனக்கு போன் செய்தார்.

"ஃபார்மட் போட்டா சரியாயிடும்னு சொல்றாங்கம்மா. போட்டுடச் சொல்லவா?"

"வேணாம் மாமா. அப்படியே வீட்டுக்கு எடுத்துட்டு வந்துடுங்க. ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். அதுவரைக்கும் ஆன் பண்ணாதீங்க."

அந்தப் பெட்டிக்குள் எங்கள் தெரு மாரியம்மன் கோயிலின் 12 வருடத் திருவிழாக் கணக்கும் நன்கொடைப் பட்டியலும் இருந்தன. தங்கையின் கல்யாண போட்டோக்கள் இருந்தன. எதற்கும் இன்னொரு பிரதி கிடையாது, ஃபார்மட் போட்டால் எல்லாம் அழிந்துவிடும். நான் மெக்கானிக் இல்லை, திருச்சியில் ஒரு பெயின்ட் கடையில் கணக்கு எழுதுகிறவள். ஆனால் ஒன்று உறுதியாகத் தெரியும்: கணினியைச் சரிசெய்வது ஒரு வேலை, உள்ளே இருப்பதை எடுப்பது வேறொரு வேலை. இரண்டாவதைத்தான் முதலில் செய்ய வேண்டும். விண்டோஸை எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். நன்கொடைப் பட்டியலைத் திரும்ப எழுத யாராலும் முடியாது.

அதனால் முதலில் செய்யக்கூடாதவை. திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். விண்டோஸைத் திரும்பப் போடும் 'ரீசெட் திஸ் பிசி' பக்கம் போகாதீர்கள். யூடியூபில் பார்த்து, செக்டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் சோதனையை ஓட்டாதீர்கள். டிஸ்க் நலிந்திருந்தால் அது முழு டிஸ்க்கையும் போட்டு உழைக்க வைக்கும்; சரிசெய்கிறேன் என்று கோப்பு விவரங்களை மாற்றியும் எழுதிவிடும். அப்புறம், பெட்டியில் காதை வைத்துக் கேளுங்கள். ஹார்ட் டிஸ்க் 'டிக்... டிக்' என்று சீராகத் தட்டினால் உடனே அணைத்துவிடுங்கள். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை, டேட்டா ரெக்கவரி செய்கிறவர்களிடம்தான் போக வேண்டும். மாமாவுடையது வழக்கம்போல 'உய்ங்' என்றுதான் ஓடியது. திரையே வராமல் பீப் சத்தம் மட்டும் வந்தால், ராம் கார்டைக் கழற்றி அதன் தங்க நிறப் பல்லை ரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டிப் பாருங்கள். பல வீடுகளில் கோளாறு அதோடு தீர்ந்துவிடும்.

இனி வேலைக்கு வருவோம். தேவையானவை இரண்டு: 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று, கோப்புகளை வாங்கிக்கொள்ள ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க். நல்ல நிலையில் இருக்கும் வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸ் மாதிரி ஓர் இலவச இயங்குதளம்) ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென்டிரைவில் ஏற்றுங்கள். பென்டிரைவில் ஏற்கெனவே இருந்தது எல்லாம் அழிந்துவிடும், பார்த்துச் செய்யுங்கள். இதை நான் திருச்சியிலேயே முடித்துக்கொண்டு போனேன்.

பென்டிரைவைச் செருகி, ஆன் செய்த உடனே பூட் மெனு (எதிலிருந்து கணினி தொடங்க வேண்டும் என்று கேட்கும் பட்டியல்) விசையை விட்டு விட்டு அழுத்த வேண்டும். டெல், லெனோவா, ஜிகாபைட் என்றால் எஃப்12. ஹெச்பி என்றால் எஃப்9. ஆசுஸ் மதர்போர்டு என்றால் எஃப்8. பட்டியலில் பென்டிரைவ் பெயரைத் தேர்ந்தெடுத்தால் சில நிமிடங்களில் மின்ட் திரை வந்துவிடும். இது பென்டிரைவிலிருந்தே ஓடுகிறது, டிஸ்க்கைத் தொடவில்லை. திரையில் 'இன்ஸ்டால்' என்று ஒரு படம் இருக்கும், அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

முதலில் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியைத் திறந்து ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பைப் பாருங்கள். 'ரீஅலொகேட்டட் செக்டர்', 'கரன்ட் பெண்டிங் செக்டர்' என்ற இரண்டு வரிகள் முக்கியம். இரண்டும் 0 என்றால் நிதானமாக வேலை செய்யலாம். மாமாவின் 500 ஜிபி டிஸ்க்கில் பெண்டிங் 16 என்று இருந்தது. அதாவது சில இடங்களைப் படிக்க முடியாமல் திணறுகிறது. நேரம் குறைவு என்று வைத்துக்கொண்டு வரிசை போட்டேன்: சிறியதும் ஈடில்லாததும் முதலில், பெரிய வீடியோ கடைசியில்.

லினக்ஸில் சி, டி என்ற பெயர்கள் இருக்காது. ஃபைல் மேனேஜரின் இடப்பக்கம் கொள்ளளவை வைத்துத்தான் தெரியும். விண்டோஸ் ஒழுங்காக அணையாததால் சில சமயம் 'ரீட்-ஒன்லி'யாகத்தான் திறக்கும். நல்லதுதான், நமக்குப் படித்தால் போதும். 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டரில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் எடுங்கள். 'பப்ளிக்' ஃபோல்டரையும் திறந்து பாருங்கள், டேலி என்ற கணக்கு மென்பொருளின் டேட்டா பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒரேயடியாக எல்லாவற்றையும் இழுத்துப் போடாமல் ஃபோல்டர் ஃபோல்டராக எடுங்கள். ஒரு கோப்பில் சிக்கி நின்றால் 'ஸ்கிப்' கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பல கோப்புகள் சிக்கினால் நிறுத்திவிட்டு, டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் மென்பொருள் கொண்டு முழு டிஸ்க்கையும் அதைவிடப் பெரிய டிஸ்க்கில் நகலெடுத்து, நகலில் தேடுவது பாதுகாப்பு.

கோயில் கணக்கு கிடைத்துவிட்டது என்று ஒரு கோப்பைத் திறந்தேன். ஆங்கில எழுத்தும் கமாவும் கேள்விக்குறியுமாக ஒரே குழப்பம். பக்கத்தில் நின்ற மாமா முகம் வாடிவிட்டது. "போச்சாம்மா?" என்றார். போகவில்லை. மாமா தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவர், அங்கே பழகிய வானவில் எழுத்துருவிலேயே வீட்டிலும் தட்டச்சு செய்திருந்தார். வானவில், பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இப்படித்தான் தெரியும். அதனால் 'விண்டோஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரையும் மறக்காமல் நகலெடுங்கள். தமிழில் தட்டச்சு செய்கிற வீடுகளுக்கு இது ரொம்ப முக்கியம், இதைச் சொல்ல யாரும் இல்லாமல் எத்தனையோ நல்ல கோப்புகள் குப்பை என்று அழிக்கப்பட்டிருக்கும். அந்த எழுத்துருவை என் லேப்டாப்பில் ஏற்றிவிட்டுத் திறந்ததும் 'கீழத்தெரு நன்கொடையாளர்கள்' என்று தலைப்பு தெரிந்தது. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் படிக்க ஆரம்பித்துவிட்டார். பிறகு நிதானமாக என்ஹெச்எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்துரு மாற்றியில் போட்டு, எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடாக மாற்றிக்கொள்ளலாம்.

கல்யாண வீடியோ 6 ஜிபி, அதை மட்டும் மாமாவின் பென்டிரைவ் வாங்கவில்லை. இடம் இருந்தது. ஆனால் அது எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்த வகை, அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாகப் போடமுடியாது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கை முன்பே, அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றி வைத்திருந்தேன், அதில் போய்விட்டது.

வேறு கணினியே இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ரிப்பேர் நீலத்திரையில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், கமாண்ட் ப்ராம்ப்ட் என்று போய் 'நோட்பேட்' என்று தட்டுங்கள். அதில் ஓப்பன் கொடுத்து, 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் எல்லா டிரைவும் தெரியும். ரைட் கிளிக்கில் காப்பி, பென்டிரைவில் பேஸ்ட். எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டாது, பொறுமையாக இருக்க வேண்டும்.

லேப்டாப்காரர்களுக்கு ஒன்று. பிட்லாக்கர் (டிஸ்க்கையே பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) பூட்டு இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால், அதே கணக்கை போனில் திறந்து எடுத்துக்கொள்ளலாம். கீ இல்லாமல் யாராலும் திறக்க முடியாது, திறந்து தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

நகலெடுத்ததும் வேலை முடிந்துவிடாது. ஃபோல்டருக்கு நாலு கோப்பையாவது வேறு கணினியில் திறந்து பாருங்கள். சில சமயம் பெயர் மட்டும் வந்திருக்கும், உள்ளே காலியாக இருக்கும். இரண்டு போட்டோ பாதிக்கு மேல் சாம்பல் நிறமாக வந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தேன். அவை மட்டும் என்ன செய்தும் தேறவில்லை. மற்றதை எல்லாம் இன்னொரு டிஸ்க்கிலும் ஏற்றி நான் திருச்சிக்கு எடுத்துக்கொண்டேன். பழைய டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி ஒட்டி, அலமாரியில் வைக்கச் சொன்னேன். புதிதாக ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்ட பிறகுதான் மாமா சிபியூவைத் தூக்கிக்கொண்டு அதே கடைக்குப் போனார், விண்டோஸ் போட.